படம் கனத்தால் பக்கம் நகராது: வலைத்தளப் படங்களின் எடையைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

மதுரையில் என் அத்தை சிறியதாக ஒரு சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வலைத்தளம் அமைத்துக் கொடுத்தது நான். சேலைகளை ஃபோனில் படம் எடுத்து ஏற்றுவதை அவரே பார்த்துக்கொண்டார். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் அழைத்தார். "கண்ணா, நம்ம பக்கத்தைத் திறந்தா வெள்ளையாவே நிக்குதுன்னு ஒருத்தங்க சொல்றாங்க. விலை தெரியுதாம், சேலை தெரியலையாம்."

போய்ப் பார்த்தால், ஒரு பக்கத்தில் 12 சேலைகள். ஒவ்வொரு படமும் ஃபோனிலிருந்து அப்படியே ஏறியது, சுமார் 4 எம்பி. திரையில் அது தெரியும் இடமோ ஒரு தீப்பெட்டி அகலம்தான்.

அந்தத் தளத்தைச் சரிசெய்தபோது நான் செய்ததை, செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். படம் கனமாக இருக்கிறது என்றதும் பலரும் நேராகச் சுருக்கும் கருவியைத்தான் தேடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான எடை இருப்பது படத்தின் நீள அகலத்தில். அதைக் குறைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஃபார்மட், தரம் எல்லாம். இந்த வரிசை மாறினால், உழைப்பு அதிகமாகவும் பலன் குறைவாகவும் போய்விடும்.

முதலில் எடை போட்டுப் பாருங்கள்

கணினியில் குரோம் உலாவியில் உங்கள் பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். வரும் பலகையில் நெட்வொர்க் என்ற தாவலுக்குப் போய், டிஸேபிள் கேஷ் என்ற பெட்டியில் டிக் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் உலாவி ஏற்கெனவே சேமித்து வைத்த படத்தைக் காட்டி, எல்லாம் வேகமாக இருப்பதாக உங்களை நம்ப வைத்துவிடும். அப்புறம் பக்கத்தை மறுபடி ஏற்றி, இமேஜ் வகையை மட்டும் வடிகட்டி, சைஸ் என்ற தலைப்பைச் சொடுக்குங்கள். கனமான படங்கள் மேலே வந்து நிற்கும், வராவிட்டால் இன்னொரு முறை சொடுக்குங்கள். முதல் ஐந்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தளங்களில் அந்த ஐந்தே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அடுத்து கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் முகவரியைக் கொடுங்கள். அதன் கைபேசிச் சோதனை, விநாடிக்கு சுமார் 1.6 மெகாபிட் வேகமுள்ள மெதுவான 4ஜி இணைப்பில் இருப்பதாகப் பாவித்து நடக்கிறது. 1.6 மெகாபிட் என்றால் விநாடிக்கு 200 கேபி. அத்தையின் பக்கத்தில் 12 படங்கள், மொத்தம் 48 எம்பி. வகுத்துப் பாருங்கள்: 240 விநாடி, அதாவது நான்கு நிமிடம். சேலை வாங்க வந்தவர் நான்கு நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

அந்த அறிக்கையில் நீங்கள் கவனிக்க வேண்டிய எண் எல்சிபி. பக்கத்தின் மேற்பகுதியில் தெரியும் மிகப் பெரிய பொருள் திரையில் வர ஆகும் நேரம் அது. வருகைகளில் குறைந்தது 75 விழுக்காட்டில் அது 2.5 விநாடிக்குள் இருந்தால்தான் கூகுள் 'நன்று' என்கிறது. கடைத் தளங்களில் அந்தப் பெரிய பொருள் பெரும்பாலும் ஒரு படம்தான். எது என்று அறிக்கையே காட்டும். அந்த ஒரு படத்துக்குத் தனி மரியாதை கொடுக்க வேண்டும், பின்னால் வருகிறேன்.

மூலப் படத்தைத் தொடாதீர்கள்

வேலை தொடங்கும் முன், ஃபோனிலிருந்து வந்த படங்களை 'மூலம்' என்று ஒரு கோப்புறையில் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். வெட்டுவதும் சுருக்குவதும் நகலில் மட்டும். ஜேபெக் படத்தை ஒவ்வொரு முறை திறந்து திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் நுணுக்கம் தொலைகிறது. தொலைந்தது திரும்பாது. நாளைக்கே பெரிய படம் தேவைப்பட்டால் மூலத்திலிருந்து மறுபடி எடுக்கலாம், சிறியதைப் பெரிதாக்க முடியாது.

படம் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். நெசவாளரோ தையல்காரரோ வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், அது வழியிலேயே சுருங்கித்தான் வரும். அதை மறுபடி சுருக்கினால் சேலை நூல் எல்லாம் மெழுகு பூசியது போல ஆகிவிடும். டாக்குமென்ட் ஆக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், படம் மாறாமல் வரும். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் அனுப்புவது சில சமயம் ஹெய்க் ஃபார்மட்டில் இருக்கும். அது குரோமில் திறக்காது. அந்த ஃபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தால் இனி ஜேபெக் ஆகவே வரும்.

எடுக்கும்போதே எடை குறையும்

இதைச் சொல்பவர்கள் குறைவு, ஆனால் பலன் பெரியது. மங்கலான டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே நிறத் துணியில்கூட மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியும். சென்சார் வெளிச்சம் போதாமல் உண்டாக்கும் இரைச்சல் அது. படத்தைச் சுருக்கும் எந்த முறையும், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் (படத்தை ஆக்கும் மிகச் சிறிய புள்ளிகள்) ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதைப் பயன்படுத்தித்தான் இடம் மிச்சம் பிடிக்கிறது. இரைச்சல் இருந்தால் எந்தப் பிக்சலும் அடுத்ததைப் போல இருக்காது. அந்த மணலையும் சேர்த்துச் சேமிக்க வேண்டியதாகிவிடும்.

அத்தையிடம் கடை வாசல் பக்கம் பகல் வெளிச்சத்தில், வெள்ளைச் சுவரை ஒட்டிச் சேலையைத் தொங்கவிட்டு எடுக்கச் சொன்னேன். முன்பு பின்னணியில் அலமாரி, அடுக்கிய துணிகள், நாட்காட்டி எல்லாம் இருக்கும். அவை ஒவ்வொன்றும் எடைதான். வெற்றுச் சுவருக்கு எடை மிகக் குறைவு. சேலையும் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது.

நீள அகலம்: பெரிய மிச்சம் இங்கேதான்

சாதாரண ஃபோன் படம் ஒன்று 3000க்கு 4000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். அதையே 600க்கு 800 ஆக்கினால் 4 லட்சத்து 80 ஆயிரம். சரியாக 25 மடங்கு குறைவு. தரத்தில் இன்னும் கையே வைக்கவில்லை, அதற்குள் இவ்வளவு.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கோப்பு எவ்வளவு சிறிதாகச் சுருங்கி வந்தாலும், திரையில் காட்ட உலாவி அதை விரித்தாக வேண்டும். விரித்தபின் ஒரு பிக்சலுக்கு 4 பைட். 3000க்கு 4000 படம் நினைவகத்தில் 48 எம்பி பிடிக்கும், 600க்கு 800 படம் 2 எம்பிக்கும் கீழே. பெரிய படங்களைத் தரம் குறைத்து 300 கேபி ஆக்கிவிட்டு, 'ஃபைல் சின்னதுதானே, ஏன் பழைய ஃபோனில் பக்கம் திக்கித் திக்கி நகர்கிறது' என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

சரி, எவ்வளவு அகலம் வேண்டும்? கணக்கு எளிது. வடிவமைப்பில் படத்துக்கு ஒதுக்கிய அகலத்தை, திரையின் அடர்த்தியால், அதாவது வடிவமைப்பின் ஒரு பிக்சல் அகலத்தில் திரையில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றனவோ அந்த எண்ணால், பெருக்க வேண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களில் பக்கத்தின் அகலம் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) கணக்கில் 360 முதல் 412 பிக்சல். அடர்த்தி 2 அல்லது 3க்கு அருகில். அத்தையின் தளத்தில் ஃபோனில் ஒரு வரிசைக்கு இரண்டு சேலைகள், இடைவெளி போக ஒவ்வொன்றுக்கும் சுமார் 170. அடர்த்தி 2 என்றால் 340, அடர்த்தி 3 என்றால் 510. கணினியில் ஒரு சேலைக்கு 280 அகலம், அடர்த்தியான திரையில் 560. ஆக, பட்டியலுக்கு 400 அகலத்தில் ஒன்றும் 600 அகலத்தில் ஒன்றும் போதும்.

ஒரு சேலையைத் தனியாகத் திறக்கும் பக்கத்தில் ஃபோன் முழு அகலத்துக்கும் படம் வரும். அங்கே 800, 1200 என்று இரண்டு. பெரிதாக்கிப் பார்க்க விரல் வைத்தால் மட்டும் வர 2000 அகலத்தில் ஒன்று. அந்தப் பெரிய படத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன், விடவில்லை. சுங்குடி வாங்குபவர்கள் புள்ளியைப் பெரிதாக்கித்தான் பார்ப்பார்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புள்ளி ஒன்றைப் போல ஒன்று இருக்காது. அச்சில் போட்ட புள்ளி எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் அச்சுச் சேலைகள் அதே பெயரில் விற்கத்தான் செய்கின்றன. கைவேலை என்று காட்ட அந்தப் படம்தான் சாட்சி. அதனால் எடையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பது உங்கள் பொருளைப் பொறுத்தது. கேட்பவருக்கு மட்டும் பெரிய படம், மற்ற எல்லோருக்கும் சிறிய படம்.

நீள அகலத்தைக் குறைக்கும்போது விகிதம் மாறாமல் இருக்க, பூட்டு அடையாளம் இருந்தால் அது பூட்டியே இருக்கட்டும். பட்டியல் படங்கள் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில், உதாரணமாக மூன்றுக்கு நான்கு, வெட்டிவிடுங்கள். பக்கமும் ஒழுங்காக இருக்கும், தேவையற்ற சுவரும் தரையும் போய்விடும்.

எந்தப் படத்துக்கு எந்த ஃபார்மட்

ஜேபெக் 1992இல் தரப்படுத்தப்பட்டது. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கட்டம் கட்டமாகக் கழிக்கும். புகைப்படத்துக்கு இன்றும் நம்பகமானது, திறக்காத இடமே கிடையாது.

வெப்பி 2010இல் கூகுள் வெளியிட்டது. ஏறக்குறைய ஒரே தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 விழுக்காடு சிறியதாக வரும் என்பது கூகுளின் சொந்தக் கணக்கு. 2020இல் சஃபாரியும் ஏற்றுக்கொண்டதால் இப்போது தைரியமாகப் பயன்படுத்தலாம். ஏவிஐஎஃப் அதற்கும் அடுத்த தலைமுறை. குரோமில் 2020இலும், ஃபயர்ஃபாக்ஸில் 2021இலும், சஃபாரியில் 2022இலும், எட்ஜில் 2024இலும் வந்தது. வெப்பியைவிடவும் சிறியதாக வரும். உருவாக்கத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

என் தேர்வு: சேலைப் படங்களுக்கு வெப்பி. ஏவிஐஎஃப் எடையைக் கடுமையாகக் குறைக்கும்போது, கட்டம் தெரியாமல் இருக்க மெல்லிய நுணுக்கங்களை வழித்துச் சமமாக்கிவிடும். வானம், முகம், சுவர் என்றால் அது அழகு. பருத்தித் துணியின் நூலோட்டம் என்றால் நஷ்டம். பயண வலைப்பூ, உணவுத் தளம் என்றால் நான் ஏவிஐஎஃப் எடுத்திருப்பேன்.

பிஎன்ஜி ஒரு பிக்சலைக்கூட மாற்றாமல் சேமிப்பது. புகைப்படத்தை பிஎன்ஜியில் சேமித்தால் ஜேபெக்கைவிடப் பல மடங்கு கனமாகும். ஆனால் கோடுகள், தட்டை நிறங்கள், திரைப்பிடிப்புகள் ஆகியவற்றுக்கு அதுவே சரி. யூபிஐ கட்டணத்துக்கான கியூஆர் கட்டத்தை பிஎன்ஜியிலோ எஸ்விஜியிலோ வையுங்கள், அதை ஜேபெக் ஆக்க வேண்டாம். பிஎன்ஜிகுவான்ட் என்ற கருவி ஒரு படத்தை 256 நிறங்களுக்குள் கொண்டுவரும், சின்னங்களுக்கு அதுவே தாராளம். கடை லோகோவை எஸ்விஜி ஆக வாங்கிக்கொள்ளுங்கள். கோடுகளாகவே இருப்பதால் எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் மங்காது, பெரும்பாலும் சில கேபிதான். லோகோ வரைந்து கொடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். ஒரு பிஎன்ஜியை எஸ்விஜிக்குள் பொதித்துக் கொடுப்பவர்களும் உண்டு, அது எஸ்விஜி ஆகாது.

அசையும் ஜிஃப் வேண்டவே வேண்டாம். 1987இன் ஃபார்மட் அது. சேலையை விரித்துக் காட்டும் சில விநாடிக் காட்சியை ஒலியில்லாத எம்பி4 வீடியோவாக வைத்தால் எடை பெருமளவு குறையும்.

இங்கே தமிழ்த் தளங்களுக்கு என்றே ஒன்று சொல்ல வேண்டும். 'ஆடித் தள்ளுபடி' என்று பெரிய எழுத்தில் போட்ட விளம்பரப் படத்தை முகப்பில் வைப்பது நம் வழக்கம். எழுத்தின் கூர்மையான ஓரங்கள்தான் ஜேபெக்குக்கு மிகவும் சிரமம். ஓரத்தைச் சுற்றிப் புகை படிந்தது போல அழுக்கு வரும். நம் எழுத்தின் சுழிகளிலும், மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியிலும் அது முதலில் தெரியும். சரிசெய்யத் தரத்தை ஏற்றினால் எடை ஏறும். படத்தில் சேலை மட்டும் இருக்கட்டும், எழுத்தை எச்டிஎம்எல்லில் (பக்கத்தை எழுதும் குறிமொழி) உண்மையான எழுத்தாகப் படத்தின் மேல் வையுங்கள். எழுத்து எப்போதும் கூர்மையாக இருக்கும், தேடுபொறியும் படிக்கும், பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் படிக்கும், தள்ளுபடி முடிந்தால் ஒரு வரியை மாற்றினால் போதும்.

தரத்தைக் குறைப்பது: எண்ணை நம்பாமல் கண்ணை நம்பி

இதற்கு நான் எல்லோருக்கும் காட்டுவது ஸ்குவூஷ். கூகுளின் குரோம் குழுவினர் 2018இல் வெளியிட்ட இலவசக் கருவி. உலாவிக்குள்ளேயே ஓடும், உங்கள் படம் எந்த சர்வருக்கும் போகாது. படத்தை இழுத்து அதில் போடுங்கள். வலப்பக்கப் பலகையில் ரீசைஸ் என்பதை இயக்கி அகலத்தைக் கொடுங்கள். கீழே ஃபார்மட்டைத் தேர்ந்து, தரத்தின் நகர்த்தியை அசையுங்கள். நடுவில் உள்ள கோட்டை இடமும் வலமும் இழுத்தால் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். புதிய எடையும், எவ்வளவு குறைந்தது என்பதும் ஓரத்தில் வரும்.

தொடக்கப் புள்ளிகளாக ஜேபெக்குக்கு 75, வெப்பிக்கு 75 முதல் 80, ஏவிஐஎஃப்புக்கு 50 முதல் 60 வைத்துக்கொள்ளலாம். இந்த எண்கள் விழுக்காடு அல்ல, ஒரு ஃபார்மட்டின் 75ஐ இன்னொன்றின் 75உடன் ஒப்பிடவும் முடியாது. தரத்தை 100இல் வைக்காதீர்கள். எடை பல மடங்கு ஏறும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஐந்து ஐந்தாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எங்கே கெடத் தொடங்குகிறது என்று தெரிந்ததும் ஒரு படி மேலே ஏறி நில்லுங்கள்.

எங்கே பார்ப்பது என்பதுதான் முக்கியம். படம் முழுவதையும் பொதுவாகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். வாங்குபவர் எதைப் பார்ப்பாரோ அங்கே பாருங்கள். எனக்கு அது புள்ளியும் பார்டரும். அரக்குச் சிவப்புச் சேலையில் பச்சைப் பார்டர் சேரும் இடத்தைப் பார்த்தபோது, சிவப்பு கொஞ்சம் பச்சைக்குள் ஒழுகியது போல இருந்தது. தரத்தை 90 வரை ஏற்றியும் போகவில்லை.

காரணம் வேறு. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதைப் பயன்படுத்தி இந்த ஃபார்மட்டுகள் வெளிச்சத்தை முழு அளவிலும், நிறத்தை நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்றும் சேமிக்கின்றன. மரம், மனிதர், மாடு என்றால் தெரியாது. ஏறக்குறைய ஒரே வெளிச்சமுள்ள சிவப்பும் பச்சையும் கூர்மையாகச் சந்திக்கும் சேலை ஓரத்தில் தெரிந்துவிடும். ஜேபெக்கில் மேம்பட்ட அமைப்புகளுக்குப் போய் இந்த நிறக் குறைப்பை நிறுத்தலாம். ஏவிஐஎஃப்பிலும் 4:4:4 என்று தேர்ந்து நிறுத்தலாம். வெப்பியின் இழப்புள்ள வகையில், அதாவது நுணுக்கத்தைக் கழித்துச் சுருக்கும் வகையில், முழுதாக நிறுத்த முடியாது. ஆனால் அதன் மேம்பட்ட அமைப்புகளில் ஷார்ப் ஒய்யூவி மாற்றம் என்ற தெரிவு இருக்கிறது. அதில் டிக் போட்டதும் பார்டர் ஓரம் தெளிந்தது. எடை சற்றே ஏறியது, அது பரவாயில்லை. பட்டு, ஓவியம், கோலம், பொம்மை என்று நிறம் நிறமாக விற்பவர்கள் இந்த ஒரு டிக்கை மறக்க வேண்டாம்.

படத்தோடு ஒட்டி வரும் தகவல்கள்

ஃபோன் படத்துக்குள் எடுத்த நாள், கேமரா விவரம், சில சமயம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி வரை இருக்கும். எடையில் இவை சில கேபிதான். ஆனால் வீட்டிலிருந்து வியாபாரம் செய்பவருக்கு, வீடு இருக்கும் இடம் படத்தோடு சேர்ந்து உலகுக்குப் போகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. எடுத்துவிடுங்கள்.

எடுக்கும்போது இரண்டு இடத்தில் கவனம். ஒன்று, படம் நிமிர்ந்து நிற்க வேண்டுமா, படுத்து இருக்க வேண்டுமா என்ற குறிப்பும் அந்தத் தகவலில்தான் இருக்கிறது. பிக்சல்களைத் திருப்பாமல் குறிப்பை மட்டும் நீக்கினால் சேலை பக்கவாட்டில் படுத்துவிடும். முதலில் தானாகத் திருப்பும் வசதியை இயக்கி, பிறகு நீக்க வேண்டும். இரண்டு, நிற விவரக்குறிப்பு. புதிய ஃபோன்கள் சில, வழக்கத்தைவிட விரிந்த நிற வெளியில் படம் எடுக்கின்றன. அந்தக் குறிப்பு போய்விட்டால் அரக்கு வெளிறிப்போகும். முதலில் படத்தை வலையில் வழக்கமான நிற வெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டுப் பிறகு நீக்குங்கள். நிறம் மாறித் தெரிந்தால் 'படத்தில் பார்த்தது வேறு, வந்தது வேறு' என்று சேலை திரும்பி வரும்.

நூறு படங்கள் இருந்தால்

ஸ்குவூஷில் ஒன்றிரண்டு படங்களுக்கு அமைப்பைக் கண்டுபிடியுங்கள். அதே அமைப்பை மொத்தக் கோப்புறைக்கும் போட வேறு கருவி வேண்டும். கட்டளை எழுதப் பழக்கமில்லாதவர்களுக்கு சீசியம் நல்லது. திறந்தமூல மென்பொருள், அகலமும் தரமும் கொடுத்தால் கோப்புறை முழுவதையும் செய்து வேறு இடத்தில் வைக்கும். கட்டளை எழுதுபவர்களுக்கு இமேஜ்மேஜிக். அதில் மோக்ரிஃபை கட்டளையை மட்டும் எச்சரிக்கையாகக் கையாளுங்கள். வெளியீட்டுக்கு வேறு கோப்புறையைக் குறிப்பிடாமல், ஃபார்மட்டையும் மாற்றாமல் ஓட்டினால் மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும். 'மூலம்' கோப்புறையைத் தனியே வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவைக் குறிப்பிட்டே பெயர் வையுங்கள். எந்தச் சேலை, எந்த நிறம், என்ன அகலம் என்று பெயரிலேயே தெரிந்தால், அடுத்த மாதம் புதுச் சரக்கு வரும்போது தடுமாற்றம் இருக்காது.

எச்டிஎம்எல்லில் சொல்ல வேண்டியவை

இரண்டு அளவுகளில் படம் தயாரித்தால் மட்டும் போதாது, எதை எப்போது எடுப்பது என்று உலாவிக்குச் சொல்ல வேண்டும். இமேஜ் குறியில் சோர்ஸ்செட் என்ற பண்பில் 400, 600 இரண்டு கோப்புகளையும் அவற்றின் அகலத்தோடு எழுதுங்கள். சைஸஸ் என்ற பண்பில், ஃபோனில் திரை அகலத்தில் பாதி, கணினியில் 280 பிக்சல் என்று இடத்தின் அகலத்தைச் சொல்லுங்கள். இதை எழுதாமல் விட்டால், படம் திரை முழு அகலத்துக்கும் வரப்போகிறது என்று உலாவி எடுத்துக்கொள்ளும். தேவைக்கு மேல் பெரிய கோப்பை இறக்கும். சோர்ஸ்செட் போட்டும் எடை குறையவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

விட்த், ஹைட் இரண்டையும் ஒவ்வொரு படத்துக்கும் கொடுங்கள். எடை இதனால் குறையாது. ஆனால் படம் வருவதற்கு முன்பே உலாவி இடம் ஒதுக்கிவிடும். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது பக்கம் குதிக்கும், ஒருவர் ஒரு சேலையைத் தொடப்போய் இன்னொன்று திறந்துவிடும்.

லோடிங் என்ற பண்புக்கு லேசி என்று மதிப்புக் கொடுத்தால், திரைக்கு அருகில் வரும்வரை அந்தப் படம் இறங்காது. கீழே உள்ள சேலைகளுக்கு இது வரம். ஆனால் எல்லாப் படத்துக்கும் இதைப் போட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பக்கம் திறந்ததும் தெரிய வேண்டிய முதல் படத்துக்கு லேசி போட்டால், முக்கியமான படத்தை நாமே தாமதப்படுத்துகிறோம். அந்தப் படத்துக்கு லேசியை எடுத்துவிட்டு, ஃபெட்ச்பிரையாரிட்டி என்ற பண்புக்கு ஹை என்று கொடுங்கள். அதைச் சிஎஸ்எஸ் பின்னணிப் படமாகவும் வைக்காதீர்கள். சிஎஸ்எஸ் கோப்பு வந்த பிறகுதான் அப்படி ஒரு படம் இருப்பதே உலாவிக்குத் தெரியும்.

முகப்பில் ஐந்து படங்கள் மாறி மாறி நகரும் ஸ்லைடர் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரே ஒரு நல்ல படத்தை வைத்தோம். எந்தச் சுருக்கமும் இல்லாமல் நான்கு படத்தின் எடை போனது.

வேர்ட்பிரஸில் இருப்பவர்களுக்கு

வேர்ட்பிரஸ் பாதி வேலையைத் தானே செய்கிறது. 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்பிலிருந்து சோர்ஸ்செட் தானாக வருகிறது, 2020இன் 5.5இலிருந்து லேசியும். 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்தை ஏற்றினால் அதைச் சுருக்கிப் பயன்படுத்தும். வெப்பியை 5.8 முதலும் ஏவிஐஎஃப்பை 6.5 முதலும் ஏற்கிறது. இருந்தாலும் 2560 என்பது சேலைக் கடைக்குப் பெரிதுதான், ஏற்றும் முன்பே அகலத்தைக் குறைத்துவிடுங்கள். சர்வரில் இடமும் மிச்சமாகும், ஏனென்றால் நீங்கள் ஏற்றிய மூலக் கோப்பையும் அது அழிக்காமல் வைத்திருக்கும்.

பக்கத்தில் படத்தைச் சேர்க்கும்போது ரெசல்யூஷன் என்ற இடத்தில் 'ஃபுல் சைஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள், தேவையான அளவுக்கு மாற்றுங்கள். தீமை மாற்றினால் பட அளவுகளும் மாறலாம், அப்போது சிறுபடங்களை மறுபடி உருவாக்கும் செருகுநிரல் ஒன்றை ஓட்ட வேண்டும். சுருக்குவதற்கு என்று இரண்டு மூன்று செருகுநிரல்களை ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்று சுருக்கியதை மற்றொன்று மறுபடி சுருக்கும்.

கடைசியாக, கேஷ்

படம் மாறாதவரை அதே வாடிக்கையாளர் அதே படத்தை மறுபடி இறக்கத் தேவையில்லை. உங்கள் ஹோஸ்டிங் பலகையிலோ, சிடிஎன் (படங்களை வாசகருக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்து தரும் சேவை) அமைப்பிலோ, படங்களுக்கான கேஷ் காலத்தை ஒரு வருடமாக வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் எஃப்12 பலகையில் வேகத்தை 'ஸ்லோ 4ஜி' என்று வைத்து மறுபடி பாருங்கள். பட்டியல் படம் ஒன்று சராசரியாக 60 கேபி என்று வந்தால், 12 படங்களும் சேர்த்து 720 கேபி. முன்பு நான்கு நிமிடம் என்ற அதே கணக்கில் இப்போது நான்கு விநாடிக்கும் குறைவு. அதிலும் லேசி இருப்பதால் முதலில் இறங்குவது மேலே தெரியும் சில படங்களும் அவற்றுக்கு அடுத்தவையும்தான். கணினியில் பார்த்தது போதும் என்று விடாமல், வீட்டிலேயே பழைய ஃபோன் எதுவோ அதில், வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு முறை திறந்து பாருங்கள்.

கேஷ் காலத்தை வைத்து ஒரு வாரத்தில் அத்தை மறுபடி அழைத்தார். மாம்பழ மஞ்சள் சேலைக்குப் புதுப் படம் ஏற்றியிருக்கிறார், பழையதே தெரிகிறது என்றார். ஒரு வருடம் வைத்திரு என்று நாம்தான் உலாவிகளுக்குச் சொல்லியிருக்கிறோம், பெயர் மாறாமல் அவை புதியதைத் தேடாது. புதுப் படத்தைப் பழைய பெயரிலேயே ஏற்றாமல், பெயரின் கடைசியில் 2 என்று சேர்த்து ஏற்றி, பக்கத்திலும் அந்தப் பெயரை மாற்றச் சொன்னேன். "அவ்வளவுதானா" என்று கேட்டபடியே அவர் ஃபோனில் பக்கத்தைத் திறந்தார். மஞ்சள் சேலை வந்துவிட்டது.